ஒட்டு தெரியாத ஜன்னல் பலகை

1

போன வாரம் தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. யுத்த காலமாம், ஆகாயத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரியக் கூடாதாம், எல்லா வீட்டு ஜன்னல்களுக்கும் கறுப்புக் காகிதம் ஒட்ட வேண்டுமாம். இந்த மலையில் வருஷத்தில் பாதி நாள் மூடுபனி. ஃபாக்டரியிலிருந்து திரும்பும்போது என் வீட்டை நானே தடவித்தான் கண்டுபிடிக்கிறேன். எதிரி விமானத்துக்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான் என்று ஆபீசில் கேட்டேன். "ஒட்டிவிட்டோம் என்று கையெழுத்துப் போட்டால் போதும்" என்றார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு ஒட்டாமல் இருக்க மனசு வரவில்லை.

நான் இங்கே சிலோன் தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து, உருட்டி, வறுத்து, பெட்டியில் அடைபடும் வரை தேயிலைக்கு நான்தான் பொறுப்பு. காகிதம் ஒட்டுவதும் எனக்குக் கைவந்த வேலைதான். என் மகள் சரசு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இனி மழையையும் பார்க்கேலாதோ?" என்றாள்.

பார்க்க முடியாதா என்பதை அவள் அப்படித்தான் கேட்பாள். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா யாழ்ப்பாணம். பிள்ளையின் தமிழும் யாழ்ப்பாணம். அடுப்படியிலிருந்து என் மனைவி பாவாயி சொன்னாள்: "நல்லவேளை, நம்ம நங்கையா இங்க இல்ல. சன்னலை அடைக்கச் சொல்லி ஆபீசுலருந்து எவனாச்சும் வந்திருந்தான்னா, அவனையே பெட்டில வெச்சு அடைச்சிருப்பாங்க."

கணவனின் அக்காளை நங்கையா என்று அழைப்பது எங்கள் மல்லசமுத்திரம் பக்கத்து வழக்கம். அவள் சொன்னது என் அக்கா நல்லம்மாளை. அக்காவுக்கு நான் ஒரு ஜன்னல் பலகை செய்து கொடுத்த கதை தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவைக்கலாம் என்று தோன்றுகிறது.

2

யுத்தத்துக்கு முன்னால், சரசு பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். சாமான்களை ஆறு தேயிலைப் பெட்டிகளில் கட்டினோம். டீமேக்கர் வீட்டில் வேறு என்ன பெட்டி இருக்கும்? மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த பிளைவுட் பலகை. விளிம்பெல்லாம் தகரப் பட்டி. எடை குறைவு, உறுதி அதிகம்.

தனுஷ்கோடியில் சுங்கத்து அதிகாரி பெட்டிகளைச் சுற்றி வந்தார்.

"தேயிலை எங்கே?"

"தேயிலை இல்லைங்க. துணிமணி, பாத்திரம்."

"பெட்டி மேலே தேயிலைன்னு எழுதியிருக்கே?"

"பெட்டி தேயிலைப் பெட்டிங்க. உள்ளே துணி."

"அப்போ இதிலே இருந்த தேயிலை எங்கே போச்சு?"

"இதிலே தேயிலை போடவே இல்லைங்க."

"போடாத பெட்டி மேலே எதுக்கு எழுதினீங்க?"

பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பாவாயியின் சேலைகள் பிளாட்பாரத்தில் விரிந்தன. கடைசிப் பெட்டியின் அடியில், பெரியப்பாவுக்காகக் கொண்டுபோன சின்னத் தேயிலைப் பொட்டலம் ஒன்று அகப்பட்டது. அதிகாரி முகம் மலர்ந்துவிட்டது. "இதோ இருக்கே! இதை முதல்லேயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் பிரிச்சிருக்க வேண்டாமே" என்று சொல்லி எங்களை அனுப்பிவைத்தார்.

வீட்டு வாசலில் அக்கா காத்திருந்தாள். சரசுவை வாரித் தூக்கிக்கொண்டாள்.

"பசிக்குதா சாமி?"

"ஓம்."

"ரயில்ல தூங்குனியா?"

"ஓம்."

"அத்தையத் தெரியுதா?"

"ஓம்."

அக்கா குழந்தையை இறக்கிவிட்டுப் பாவாயியைப் பார்த்தாள். "ஏ அம்மிணி, புள்ளைக்கு ஏதாச்சும் தீட்சை குடுத்துட்டீங்களா? எதைக் கேட்டாலும் மந்திரமே சொல்லுது?"

யாழ்ப்பாணத்துத் தமிழில் ஓம் என்றால் ஆமாம்.

3

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டாள். பிறகு எங்கள் பெற்றோரும் போய்ச் சேர்ந்தார்கள். நானும் சிலோன் போனேன். வீட்டில் அவள் ஒருத்தி. அடுத்த வீட்டில் பெரியப்பா நாச்சிமுத்து. எங்கள் நிலத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார், அக்காவையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். அரிசி, பருப்பு, விறகு எதிலும் குறை வைக்கவில்லை. ஒரே ஒரு கட்டளை: தெருப்பக்கம் அவள் முகம் தெரியக் கூடாது. சந்தைக்கோ கல்யாணப் பேச்சுக்கோ புறப்படுகிறவர்கள் எதிரில் கைம்பெண் தென்பட்டால் போன காரியம் கெடும் என்பது அவர் நம்பிக்கை. ஊர் நம்பிக்கையும் அதுதான். ஆகவே அக்காவின் உலகம் சமையற்கட்டும் மாட்டுக் கட்டுத்தறியும் கொல்லையும்.

நாங்கள் போன மறுநாள் காலையில் முன்னறைக்குள் நுழைந்தேன். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலின் கதவுகள் சாத்தியிருந்தன. இரண்டு கதவுக்கும் நடுவே இருந்த கீற்று இடைவெளியில் ஒரு கண்ணை வைத்து அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா பாக்கற?"

"பஸ்சுடா. அரைப் பஸ்சுதான் தெரியும். மிச்சத்த நானே நெனச்சுக்குவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளை எங்களோடு சிலோனுக்கு அழைத்துப் போய்விடுவது என்று அன்றே முடிவு செய்தேன். அனுமதிக் காகிதம் வேண்டுமே? சேலத்துக்குப் போய் ஓர் ஆபீசில் நின்றேன். குமாஸ்தா பாரத்தை நீட்டினார். மனைவிக்குக் கட்டம் இருந்தது, பிள்ளைக்கு இருந்தது, பெற்றோருக்கு இருந்தது.

"அக்காவுக்குக் கட்டம் இல்லையே, ஐயா" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. "தாயார்னு போட்டுரலாமா?"

"எனக்கும் அவங்களுக்கும் ஆறு வயசுதானே வித்தியாசம்?"

பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். மேலே எழுதிக் கேட்கிறேன், பதில் வரும்வரை பொறுங்கள் என்றார். இங்கே தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் விடிகாலையில் பெயர் கூப்பிட்டால் ஐந்நூறு பேருக்கும் அரைமணியில் வேலை பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அங்கே ஓர் அக்காவைக் கட்டத்தில் உட்கார வைக்க மாதக்கணக்காகும் போலிருந்தது.

4

சும்மா இருக்கிற கையால் ஏதாவது செய்யத் தோன்றுமல்லவா? எனக்குத் துரை பங்களா ஞாபகம் வந்தது. அந்த வரவேற்பறையில் ஜன்னலுக்குக் கீழே, சுவருக்குச் சுவர் பொருந்தினாற்போல அகலமான பலகை ஆசனம் ஒன்று உண்டு. காலை நீட்டிப் படுக்கலாம், மடித்து உட்காரலாம், மலை முழுக்க முன்னால் விரிந்து கிடக்கும். மாதக் கணக்கைக் காட்டப் போகும்போதெல்லாம் அதில் துரைசாணியின் நாய் படுத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அக்கா கீற்றில் கண் வைத்து நின்றதைப் பார்த்ததிலிருந்து அந்த நாயின் நினைவு என்னை விடவில்லை.

காகிதம் வரும்வரையாவது அக்கா உட்காரட்டும் என்று வேலையைத் தொடங்கினேன். எங்கள் முன்னறையில் ஜன்னலின் இருபுறமும் சுவர் கொஞ்சம் முன்னால் நீண்டு, நடுவே மாடம் போல் பள்ளமாக இருக்கும். பனஞ்சட்டங்களை அறுத்துச் சுவருக்குச் சுவர் பதித்தேன். மேலே போடப் பலகை வேண்டும். ஆறு பெட்டிகளையும் பிரித்துப் போட்டேன். பெரியப்பா அந்தப் பக்கம் வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொட்டிப் பலகையெல்லாம் ஊட்டுல சேத்தாதடா. சிலோனுக்குப் போயிச் சம்பாரிச்சு இதத்தான் கொண்டாந்தியான்னு நாலு பேரு கேப்பாங்க. வெந்நி அடுப்புக்குப் போடு."

சொன்னபடி செய்கிறவர் அவர். நாங்கள் இல்லாத நேரத்தில் பலகையை அடுப்பில் வைத்தாலும் வைத்துவிடுவார். அதனால் அது பெட்டிப் பலகை என்றே தெரியக் கூடாது. ஆனால் ஒரு பெட்டியின் பக்கம் இரண்டு முழங்கூட இராது. பல துண்டுகளைச் சேர்த்தால்தான் ஆசனம் நிரம்பும். சேர்த்தால் ஒட்டு தெரியும்.

எழுத்து அச்சிட்ட பக்கத்தைக் கீழே வைத்துத் துண்டுகளை இழைத்து, இரண்டு துண்டு சேரும் இடமெல்லாம் ஒரு சட்டத்தின் மேல் வரும்படி பொருத்தினேன். பாவாயி புளியங்கொட்டையை வறுத்து இடித்துப் பசை காய்ச்சினாள். பசையில் மரத்தூளைக் குழைத்து இடுக்குகளில் அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தோம். கைக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது. தேயிலைத் தூளைக் கஷாயமாகக் கொதிக்க வைத்து மூன்று முறை பூசினேன். பலகை தேக்கு நிறத்துக்கு வந்தது. அப்போதும் இடுக்குகள் மயிர் அகலத்துக்குக் கோடு கோடாகத் தெரிந்தன.

நான் மண்வெட்டி பிடித்த கையோடு பிறந்தவன், பொறுமை கிடையாது. உளியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பாவாயி அதை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ஏனுங்க, கோடு இருக்கறதுதானே தொந்தரவு? இன்னும் நாப்பது கோடு போட்டுட்டா?"

கடுக்காய் மையில் ஒரு கோழி இறகைத் தோய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒட்டின் கோட்டை ஒட்டியும் விலகியும், வளைந்தும் நெளிந்தும், நடுநடுவே முடிச்சுச் சுழி வைத்தும், பலகை முழுவதும் மரத்தின் வரி எழுதினாள். அக்கா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த சோறு குழைந்து போயிற்று. சேலத்திலிருந்து வார்னீஷ் வாங்கிவந்து மேலே பூசினேன். வேலை முடிந்தபோது, ஒட்டு எங்கே என்று வைத்த நானே தேட வேண்டியிருந்தது.

5

ஒரு காலையில் ஜன்னல் கதவுகளை விரியத் திறந்து அக்காவை உட்காரச் சொன்னோம். ஓரத்தில், விளிம்பில், எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்தாள். பஸ் வந்தது. "முழுசா வருதுடா!" என்றாள். கொஞ்சம் உள்ளே நகர்ந்தாள். காலை மடித்தாள். ஆத்தூர்ப் பக்கத்து அரிசி வண்டிகள் போயின. சாய்ந்துகொண்டாள்.

பகல் சாப்பாட்டுக்கு முன்பே பெரியப்பா வந்துவிட்டார்.

"ஏன்டா, என்ன பண்ணி வெச்சிருக்கற? ஊர்ச்சனம் நல்லது கெட்டதுக்குப் பொறப்படற தடம் இது. மொகத்த மறைக்க வேண்டியவள மேடை கட்டி ஒக்கார வெச்சிருக்கற. பேத்துப் போடு!"

அக்கா அதற்குள் எழுந்து கதவோரம் போய் நின்றுவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பாவாயி முன்னால் வந்தாள்.

"மாமா, சன்னலு ஊட்டுக்குள்ளதானுங்க இருக்குது. எங்க நங்கையா தெருவுக்குப் போகலீங்க. ஊட்டுக்குள்ள இருக்கறவங்கள ரோட்டுல போறவங்க எட்டிப் பாத்தா, அது பாக்கறவங்க தப்புதானுங்களே?"

பெரியப்பா திகைத்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"இது அந்தப் பொட்டிப் பலகைதானே?"

"இல்லீங்க மாமா. ஒரே பலகைங்க. சிலோன் மரம்."

பாவாயி இப்படிச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பெரியப்பா குனிந்தார். உள்ளங்கையால் தடவினார்.

"இத்தன அகலத்துல மரமேது? எங்கியாச்சும் ஒட்டு இருக்கோணும்."

"இருந்தாக் காட்டுங்க மாமா. நீங்க ஒட்டக் காட்டீட்டீங்கன்னா அன்னிக்கே பேத்துப் போட்டர்றோம். காட்டற வரைக்கும் நங்கையா ஒக்காந்திருக்கட்டும்."

"பொழுது சாயறக்குள்ள காட்டறேன், இரு!" என்று மூக்குக்கண்ணாடி எடுக்கப் போனார். அக்கா பாவாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் அம்மிணி இப்படிப் பந்தயம் கட்டுன?" என்றாள்.

6

பொழுது சாய்ந்தது, ஒட்டு அகப்படவில்லை. மறுநாள் காலையில் பல் துலக்கினதும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஒரு நாள் "இதா!" என்று கத்துவார், பார்த்தால் பாவாயி எழுதிய சுழி. ஒரு நாள் நூல் பிடித்துப் பார்த்தார். ஒரு நாள் தண்ணீர் தெளித்து எங்கே உறிஞ்சுகிறது என்று கவனித்தார். காதை வைத்துத் தட்டிப் பார்த்தார்.

குனிந்து தேடினால் முதுகு வலிக்கும். ஆகவே உட்கார்ந்து தேடினார். உட்கார்ந்தால் எதிரே தெரு. பந்தயப்படி அக்காவும் மறுமுனையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாளடைவில் அக்காதான் தெருவைப் பார்த்தபடி, யாருக்கோ சொல்வது போல, "திருச்செங்கோட்டு பஸ்சு இன்னிக்கு நேரங்கழிச்சு வருது" என்பாள். "டயரு போயிருக்கும்" என்பார் அவர், பலகையைப் பார்த்தபடி.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய சினை எருமை காணாமல் போயிற்று. விடியற்காலையில் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மகன்கள் ஒருவன் ராசிபுரம் தடத்தில், ஒருவன் புதுச்சத்திரம் தடத்தில் என்று அலைந்தார்கள். பெரியப்பா மத்தியானம் வெயிலில் வாடி வந்து ஜன்னல் பலகையில் சரிந்தார். அன்றைக்கு ஒட்டைத் தேடவில்லை.

"கன்னு போடற நாளு. எந்தப் பள்ளத்துல கெடக்குதோ" என்றார்.

"ஏரிக்கரைப் பக்கம் போனாங்களா?" என்றாள் அக்கா.

"ஏரிக்கு எதுக்கு?"

"விடியக்காலம் அறுந்த கயித்த இழுத்துக்கிட்டு இப்படித்தான் போச்சு. ஏரித் தடத்துல திரும்புனத நாம் பாத்தேன்."

பெரியப்பா நிமிர்ந்தார். "பாத்தீன்னா சொல்றதில்லையா? காலையில இருந்து ஊரே தேடுது!"

"என்னைய ஆருங்க பெரியப்பா கேட்டாங்க? உங்க பசங்க இந்தச் சன்னலத் தாண்டித்தான் ஓடுனாங்க. காலங்காத்தால என் மொகத்துல முழிக்கக் கூடாதுன்னு தலையத் திருப்பிக்கிட்டே போனாங்க."

கோபமில்லாமல்தான் சொன்னாள். பஸ்ஸைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி ஏரித் தடத்தில் போனார்.

எருமை ஏரிக்கரைக் கருவேலம் புதருக்குள் இருந்தது. கன்றும் போட்டிருந்தது. கிடேரிக் கன்று. சாயங்காலம் பெரியப்பாவே ஒரு செம்பில் சீம்பாலைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பி வழியாக அக்காவிடம் கொடுத்தார். வாசல் வழியாகவும் வந்திருக்கலாம். தெருவில் நாலு பேர் பார்க்க, ஜன்னலண்டை நின்று கொடுத்தார்.

7

மறுநாள் வழக்கம் போல் கண்ணாடியோடு வந்துவிட்டார். பந்தயம் பந்தயம்தானே. நான் கொல்லைக்குப் போகும் வழியில் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். சரசு அவர் பக்கத்தில் குந்தியிருந்தாள். பல நாளாக அவர் தேடுவதைப் பார்த்துப் பார்த்து அந்தக் குழந்தைக்குப் பரிதாபம் வந்துவிட்டது போலும். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பலகையில் ஓர் இடத்தில் அழுத்தி வைத்தாள்.

"இஞ்ச தான் தாத்தா!"

இங்கேதான் என்று அர்த்தம். அது சரியான இடம். சித்திரை வெயிலுக்குப் பசை சுருங்கி அங்கே லேசாக விட்டிருந்தது. அவருடைய நகம் அந்த இடுக்கில் பதிந்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். மறுமுனையில் அக்காவும் பார்த்தாள்.

பெரியப்பா விரலை எடுக்கவில்லை. அக்காவை ஒரு தரம் பார்த்தார். பிறகு குழந்தையிடம் குனிந்தார்.

"இஞ்சியா? இஞ்சி எதுக்கு சாமி இப்ப?"

"இஞ்சி இல்லை தாத்தா. இஞ்ச! இஞ்ச!"

"ஆமாஞ்சாமி, நெஞ்சுக்கு நல்லது. உங்கம்மாளக் கஷாயம் வெக்கச் சொல்லு." கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகினார். எழுந்து என்னைத் தாண்டிப் போகும்போது, "உம்புள்ள பேசற தமிழு ஒண்ணும் புரியலடா. ஊருக்கு வந்து போயிட்டு இருந்தாத்தானே?" என்றார்.

சரசு அழுதே விட்டாள். தான் சரியாகத்தான் காட்டினோம் என்று அவளுக்குத் தெரியும். அவளைச் சமாதானம் செய்யப் பாவாயி உண்மையாகவே இஞ்சிக் கஷாயம் வைத்து வெல்லம் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று இரவு நான் அந்த இடுக்கைப் பசையிட்டு அடைத்தேன். அக்கா விளக்குப் பிடித்தாள்.

8

விடுப்பு முடிகிற தறுவாயில் சேலத்திலிருந்து காகிதம் வந்தது. அக்காவைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மேலிடம் தயவு பண்ணியிருந்தது. நான் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவந்தேன். அக்கா ஜன்னலருகே உட்கார்ந்து, வெளியே நின்ற ஒரு பெண்ணுக்குச் சந்தைக்குப் போன அவள் மாமியார் எந்த வண்டியில் திரும்பினாள் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! உத்தரவு வந்திருச்சு. பொறப்படு."

"எங்கடா?"

"சிலோனுக்கு!"

அவள் என்னையும் காகிதத்தையும் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "கொஞ்சம் இரு, வாரேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அங்க சன்னல்ல என்ன தெரியும்?"

"மலை தெரியும். தேயிலை தெரியும். மூடுபனி."

"மனுசரு?"

நான் யோசித்தேன். எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக மனிதர் தெரிய வேண்டுமானால் சம்பள நாளாக இருக்க வேண்டும்.

"நான் வரலடா சாமி" என்றாள். "நீ கோவிச்சுக்காத. பத்து வருசம் முந்தி கூப்பிட்டிருந்தீன்னா செருப்புக்கூடப் போடாம வந்திருப்பேன். இப்பத்தான் ஊர்ல என்ன நடக்குதுன்னு தெரிய ஆரம்பிச்சிருக்குது. பாதியில உட்டுட்டு வாரதா?"

நான் பாவாயியிடம் முறையிட்டேன். "பலகையச் சுமாராச் செஞ்சிருக்கலாமுங்க" என்றாள் அவள். "நெம்ப நல்லாச் செஞ்சுட்டீங்க." அக்காவை அழைத்துப்போக வந்தவன், அவள் எழுந்திருக்கவே முடியாதபடி ஆசனம் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்று அன்று முழுவதும் எனக்கு என் மேலேயே எரிச்சல். சிரிப்பும் வந்தது, அதனால் எரிச்சலைச் சரியாக வளர்க்க முடியவில்லை.

புறப்படும் நாள் காலையில் அக்கா சரசுவை மடியில் வைத்துக்கொண்டு நிறைய அழுதாள். கட்டுச்சோறு கட்டினாள். பஸ் நம் வீட்டு ஜன்னலைத் தாண்டித்தான் போகும், அங்கிருந்து கடைசியாக ஒருமுறை கையாட்டுகிறேன் என்றாள். நாங்கள் நிறுத்தத்துக்கு நடந்து போய் ஏறி, ஜன்னல் தெரிகிற பக்கமாகவே இடம் பிடித்து உட்கார்ந்தோம். பஸ் உறுமிக்கொண்டு எங்கள் வீட்டை நெருங்கியது. மூவரும் தலையை வெளியே நீட்டினோம்.

ஜன்னல் முன்னால் கூட்டம். ஒரு வளையல்காரி கூடையை இறக்கி வைத்திருந்தாள். தலையில் சும்மாடோடு இரண்டு பெண்கள். பெரியப்பா பலகையின் தன் முனையில் கால் மடித்து உட்கார்ந்து எதையோ மறுத்துக்கொண்டிருந்தார். அக்கா கம்பிக்கு வெளியே முழங்கை வரை கையை நீட்டி, இல்லை, அப்படி இல்லை என்று மும்முரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நங்கையா!" என்று கத்தினாள் பாவாயி. "அக்கா!" என்றேன் நான். பஸ் இரைச்சலில் ஒன்றும் எட்டவில்லை. பஸ் கடந்து திருப்பத்துக்கு வந்தபோதும் அவள் பேச்சு முடியவில்லை.

சரசுவின் உதடு பிதுங்கியது. "அத்தை எங்களைப் பார்க்கவே இல்லை அம்மா."

பாவாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டுதான் துடைத்தாள்.

"அவங்களுக்கு நேரமில்ல சாமி" என்றாள்.